நீரின் ஆவியமுக்கத்தை நாமே அளப்பது: அளவுச்சாடியிலிருந்து வரைபு வரை

உயர்தர இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகளிடம் 30 பாகை செல்சியஸில் நீரின் ஆவியமுக்கம் எவ்வளவு என்று கேட்டால், அட்டவணையைப் பார்த்து 4.24 கிலோபாஸ்கல் என்று சொல்லிவிடுவார்கள். பாத்திரத்தைப் பெரிதாக்கினால் என்னவாகும் என்று கேட்டால் பலர் குறையும் என்பார்கள். நீரை இரண்டு மடங்காக ஊற்றினால்? கூடும் என்பார்கள். இரண்டும் பிழை.

இந்தக் குழப்பம் தீர நான் கண்ட நல்ல வழி, ஒருமுறை கையால் அளந்து பார்ப்பது. சிறிய அளவுச்சாடி ஒன்று, முகவை ஒன்று, வெப்பமானி ஒன்று, கொஞ்சம் ஐஸ் இருந்தால் ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம். வேலை எளிது, ஆனால் படிகளின் ஒழுங்கு மாறினால் விடை கெட்டுவிடும். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துப் பிள்ளைகள் இதைச் செய்யும்போது எங்கெங்கே தடுமாறுகிறார்கள் என்பதைப் பார்த்து வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கடைசிப் பகுதிகள் பரீட்சைக் கணக்குகளுக்கானவை.

1. கைவைக்கும் முன் தெளிய வேண்டியது

மூடிய போத்தலில் பாதிக்கு நீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரின் மேற்பரப்பிலிருந்து வேகமான மூலக்கூறுகள் வெளியேறி ஆவியாகின்றன. மேலே ஆவி சேரச் சேர, அதிலிருந்து நீருக்குத் திரும்பி ஒடுங்கும் மூலக்கூறுகளும் கூடுகின்றன. ஒரு கட்டத்தில் இரண்டு வீதங்களும் சமமாகின்றன. அதற்குமேல் ஆவியின் அளவு மாறாது. மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் ஒரு நிமிடத்தில் நகரத்துக்குப் போகும் மோட்டார் சைக்கிள்களும் கல்லடிக்கு வருபவையும் சமமாக இருந்தால், கல்லடியில் நிற்கும் எண்ணிக்கை மாறாது. ஆனால் பாலத்தில் ஓட்டம் நிற்கவில்லை. இதுதான் இயக்கச் சமநிலை. அந்த நிலையில் ஆவி கொடுக்கும் அமுக்கமே நிரம்பலாவி அமுக்கம், சுருக்கமாக ஆவியமுக்கம்.

மேற்பரப்பு பெரிதானால் வெளியேறுவதும் கூடும், திரும்புவதும் அதே விகிதத்தில் கூடும். ஆகவே சமநிலை அமுக்கம் மாறாது. பாத்திரத்தைப் பெரிதாக்கினால் இன்னும் கொஞ்சம் நீர் ஆவியாகி அந்த இடத்தையும் நிரப்பும். அமுக்கம் பழைய இடத்துக்கே வரும். திரவம் மிஞ்சியிருக்கும்வரை ஆவியமுக்கத்தைத் தீர்மானிப்பவை இரண்டுதான்: என்ன திரவம், என்ன வெப்பநிலை.

"மிஞ்சியிருக்கும்வரை" என்ற நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். பின்னால் கணக்குகளில் எல்லாமே அதில்தான் தங்கியிருக்கிறது.

இனி அளவீட்டின் யோசனை. தலைகீழாகக் கவிழ்த்த சாடிக்குள் கொஞ்சம் காற்றை நீரால் அடைத்து வைக்கிறோம். அந்த இடத்தில் காற்றும் நீராவியும் கலந்திருக்கும். இரண்டின் பகுதியமுக்கங்களையும், அதாவது ஒவ்வொன்றும் தனியாகக் கொடுக்கும் அமுக்கங்களையும், கூட்டினால் வளிமண்டல அமுக்கம் வரும். காற்றின் மூல் அளவு, அதாவது மூலக்கூறுகளின் அளவு, மாறுவதில்லை. ஆகவே எந்த வெப்பநிலையிலும் கனவளவை வாசித்தால் காற்றின் பங்கைக் கணிக்கலாம். அதை மொத்தத்திலிருந்து கழித்தால் மிஞ்சுவது நீராவியின் பங்கு.

2. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

10 மில்லிலீற்றர் கண்ணாடி அளவுச்சாடி. 25 வேண்டாம், கோடுகள் அகலமாக இருப்பதால் வாசிப்பின் திருத்தம் போய்விடும். பிளாஸ்ரிக் அடிப்பாகத்தைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள், நீருக்குள் அது மிதக்கப் பார்க்கும்.

உயரமான ஒரு லீற்றர் முகவை, வெப்பத்தைத் தாங்கும் கண்ணாடியில். சாடியின் காற்றுப்பகுதி முழுவதும் நீருக்குள் மூழ்க வேண்டும். மேலே துருத்திக்கொண்டிருந்தால், துருத்திய பகுதி அறையின் காற்றுப்பட்டுக் குளிர்ந்துவிடும். அப்போது வெப்பமானி காட்டும் வெப்பநிலை உள்ளேயிருக்கும் காற்றின் வெப்பநிலை அல்ல. வீட்டு ஜாம் போத்தலை முகவைக்குப் பதிலாகப் பயன்படுத்த நினைக்காதீர்கள். சுடரில் வெடித்துவிடும்.

100 பாகை வரை வாசிக்கும் வெப்பமானி, கண்ணாடிக் கோல், முக்காலி, கம்பிவலை, பன்சன் சுடரடுப்பு அல்லது மின்னடுப்பு, கையுறை. இவை பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கும். ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். 80 பாகை நீர் கையில் பட்டால் தோல் உரிந்துவிடும்.

ஐஸ் அரைக் கிலோவுக்குக் குறையாமல். பிரிட்ஜில் போட்ட கட்டிகள் போதும். இல்லாவிட்டால் மீன் வியாபாரத்துக்கு ஐஸ் விற்கும் இடத்தில் வாங்கி, உடைத்து, ரெஜிபோம் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கடைசி நேரத்தில் தேடப் போகாதீர்கள். ஐஸ் இல்லாததால்தான் பலருடைய பரிசோதனை பாதியில் நிற்கிறது.

அன்றைய வளிமண்டல அமுக்கமும் தேவை. வானிலை அறிக்கைகளில் ஹெக்டோபாஸ்கலில் கொடுப்பார்கள். பத்தால் வகுத்தால் கிலோபாஸ்கல். நம்முடைய கரையோரம் கடல்மட்டத்திலேயே இருப்பதால் அந்த எண்ணை அப்படியே எடுக்கலாம். மலைநாட்டில் செய்பவர்கள் அப்படிச் செய்யக்கூடாது. அறிக்கையில் வருவது பெரும்பாலும் கடல்மட்டத்துக்குத் திருத்திய அமுக்கம்.

3. நீரைக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள்

முகவைக்குத் தேவையான நீரை முதல் நாளே ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, மூடி, ஆற வையுங்கள். அநேகமானவர்கள் தவிர்க்கும் படி இதுதான்.

குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் காற்று கரைந்திருக்கிறது. சூடாக்கும்போது அது சிறு குமிழிகளாக வெளியே வரும். பானையில் நீர் கொதிப்பதற்கு வெகு முன்பே அடியில் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பொடிக் குமிழிகள் ஆவி அல்ல, கரைந்திருந்த காற்றுத்தான். அவை சாடிக்குள் ஏறினால் நாம் மாறாது என்று நம்பியிருக்கும் காற்றின் மூல் அளவு கூடிவிடும்.

கரையோரக் கிணற்று நீர் கொஞ்சம் உவர்ப்பாக இருந்தால் பரவாயில்லையா என்று கேட்பார்கள். உப்பு நீரின் ஆவியமுக்கத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் கடல் நீரிலேயே அந்தக் குறைவு ஏறத்தாழ 2 வீதம்தான். இந்தக் கருவிகளால் அதைப் பிடிக்க முடியாது.

4. காற்றை அடைத்தல்

முகவையில் ஏறத்தாழ 800 மில்லிலீற்றர் நீரை ஊற்றுங்கள். அளவுச்சாடியையும் அதே நீரால் நிரப்புங்கள். ஆனால் மேலே மூன்றரை மில்லிலீற்றர் அளவுக்குக் காற்று இருக்கும்படி விடுங்கள். விரலால் வாயை மூடிக் கவிழ்த்து, நீருக்குள் இறக்கிய பிறகு விரலை எடுங்கள். காற்று மேலே, மூடிய முனையில் போய் நிற்கும்.

ஏன் மூன்றரை? வெப்பநிலை ஏறும்போது காற்று விரிவது மட்டுமல்ல, ஆவியும் அதற்குள் சேர்கிறது. 30 பாகையில் 4 மில்லிலீற்றராக இருப்பது 80 பாகையில் 8.4 வரை போகும். 5 மில்லிலீற்றரில் தொடங்கினால் 10.5 ஆகி அளவுகோலைத் தாண்டிவிடும். குறைவாக விட்டாலும் நல்லதல்ல. ஒரு மில்லிலீற்றர் காற்றில் வாசிப்புப் பிழையின் வீதம் மிகப் பெரிதாகிவிடும்.

வெப்பமானியின் குமிழ் காற்றுப்பகுதியின் உயரத்தில், சாடியை ஒட்டி நிற்கட்டும். முகவையின் அடியில் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அங்கே நீர் அதிகமாகச் சூடாகும்.

5. சூடாக்குதல்: 80 பாகையில் நிறுத்துங்கள்

மெதுவாகச் சூடாக்கி, 80 பாகையில் சுடரை எடுத்துவிடுங்கள். ஏறும்போது வாசிப்பு எதையும் எழுத வேண்டாம்.

100 வரை போகலாமே என்று ஆசைப்படுவார்கள். ஆவியமுக்கம் வளிமண்டல அமுக்கத்தை நெருங்க நெருங்க, காற்றுக்கு மிஞ்சும் பங்கு சிறுத்துக்கொண்டே போகும், கனவளவு கட்டுக்கடங்காமல் விரியும். 90 பாகையில் நீரின் ஆவியமுக்கம் 70 கிலோபாஸ்கலைத் தாண்டிவிடும். சாடிக்குள் இருப்பதெல்லாம் வெளியே போய்விடும்.

சூடேறும்போது ஒரு குமிழி சாடியின் வாயால் வெளியேறினால் பதற வேண்டாம். காற்றின் மூல் அளவை நாம் இன்னும் கணிக்கவில்லை. அதைக் கடைசியில், குளிர்ந்த நிலையில்தான் கணிக்கப் போகிறோம். ஆகவே சுடரை எடுப்பதற்கு முன் வெளியேறியது கணக்கைத் தொடாது. அதற்குப் பிறகு ஒரு குமிழி போனாலும் உள்ளே வந்தாலும் பரிசோதனையை முதலிலிருந்து செய்யத்தான் வேண்டும். அதனால் சாடியை இடையில் தூக்கிப் பார்க்காதீர்கள்.

6. ஆறும்போது வாசியுங்கள்

சுடர் எரியும்போது முகவையின் அடி ஒரு வெப்பநிலையில், மேல் இன்னொரு வெப்பநிலையில் இருக்கும். ஆறும்போது இந்த வித்தியாசம் குறைவு, மாற்றமும் மெதுவாக நடக்கும். ஆவியும் நீரும் சமநிலைக்கு வர நேரம் கிடைக்கும். அதனால்தான் இறங்கும்போது வாசிக்கிறோம்.

ஒவ்வொரு வாசிப்புக்கும் முன்பு கண்ணாடிக் கோலால் மெதுவாகக் கலக்குங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். 75, 70, 60, 50 பாகைகளில் கனவளவை எழுதுங்கள். இடையில் 65, 55 எடுத்தால் வரைபு இன்னும் நன்றாக வரும்.

கண் நீர்மட்டத்தின் நேர் உயரத்தில் இருக்க வேண்டும். சாடி கவிழ்ந்திருப்பதால் பிறையுரு (நீர்மட்டத்தின் வளைவு) காற்றின் பக்கத்திலிருந்து பார்க்கத் தலைகீழாக வருகிறது. சாடியைச் செய்தவர்கள் நிமிர்ந்த நிலைக்குத்தான் கோடு போட்டிருக்கிறார்கள். இந்த வித்தியாசத்துக்காக 10 மில்லிலீற்றர் சாடியில் ஒவ்வொரு வாசிப்பிலிருந்தும் 0.2 ஐக் கழிப்பது வழக்கம். சின்ன எண்தானே என்று விட்டுவிடாதீர்கள். அதன் விளைவை எட்டாம் படியில் காட்டுகிறேன்.

50 பாகைக்குக் கீழே வாசித்து என்ன பயன் என்று யோசித்துப் பாருங்கள். 30 பாகையில் மொத்தம் 101, காற்றின் பங்கு ஏறத்தாழ 96.8. கிட்டத்தட்ட ஒரே அளவான இரண்டு எண்களைக் கழித்து 4.2 ஐ எடுக்கப் பார்க்கிறோம். கனவளவில் 0.05 பிழைத்தால் காற்றின் பங்கில் 1.4 கிலோபாஸ்கல் பிழைக்கும். விடையின் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 75 பாகையில் அதே 0.05 பிழை அரைக் கிலோபாஸ்கல்தான், அங்கே விடையோ 38 க்கு மேல். ஆகவே கீழே வாசித்து எழுதி வரைபைக் கெடுக்க வேண்டாம்.

7. ஐஸ் போடும் படி

காற்றின் மூல் அளவைக் கண்டுபிடிக்க, ஆவி கிட்டத்தட்ட இல்லாத ஒரு வெப்பநிலை வேண்டும். 4 பாகையில் நீரின் ஆவியமுக்கம் 0.81 கிலோபாஸ்கல்தான். மொத்தத்தில் ஒரு வீதத்துக்கும் குறைவு. ஆகவே அந்த வெப்பநிலையில் சாடிக்குள் இருப்பது ஏறத்தாழ வெறும் காற்று.

நம்முடைய ஊரில் நீர் தானாக ஆறினால் 28, 30 பாகையோடு நின்றுவிடும். அங்கிருந்து ஐஸ்தான் இறக்க வேண்டும். எவ்வளவு ஐஸ்? இதையே ஒரு நிலைமாற்றக் கணக்காகச் செய்து பாருங்கள்.

800 கிராம் நீர் 30 இலிருந்து 4 பாகைக்கு வர இழக்க வேண்டிய வெப்பம்: 800 × 4.18 × 26. ஏறத்தாழ 87,000 யூல். ஒரு கிராம் ஐஸ் உருக 334 யூல் எடுக்கும். உருகிய நீர் 0 இலிருந்து 4 பாகைக்கு வர இன்னும் 17 யூல். மொத்தம் 351. வகுத்தால் ஏறத்தாழ 250 கிராம்.

உருகிய ஐஸ் பிறகு நீராகச் சூடாகும் அந்தச் சிறு பகுதியைப் பிள்ளைகள் மறப்பார்கள். இங்கே அது சிறியது. ஆனால் இறுதி வெப்பநிலை 25 பாகை என்று வரும் கணக்கில் அதை விட்டால் விடை நன்றாகவே பிழைக்கும். ஐஸ் உருகும்போது அதன் வெப்பநிலை 0 இலேயே நிற்கும். அப்போது உள்ளே போகும் வெப்பம் முழுவதும் மூலக்கூறுகளின் ஒழுங்கான பிணைப்பைத் தளர்த்துவதற்கே செலவாகிறது.

நீர் 50 பாகையில் இருக்கும்போதே ஐஸைக் கொட்டினால் 440 கிராம் வேண்டும். ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே முதலில் அறை வெப்பநிலைக்கு ஆற விடுங்கள். பிறகு ஒரு குவளை நீரை எடுத்துவிட்டு ஐஸைப் போடுங்கள், இல்லாவிட்டால் முகவை வழியும். எடுக்கும்போது சாடியின் வாய் நீருக்குள்ளேயே இருக்கட்டும். சுற்றாடலிலிருந்தும் வெப்பம் வருவதால் கணக்கில் வந்ததைவிடக் கூடுதலாகவே ஐஸ் கரையும்.

5 பாகைக்குக் கீழே வந்ததும் நன்றாகக் கலக்கி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, கனவளவை வாசியுங்கள். நீர் குளிர்ந்தாலும் சாடிக்குள் இருக்கும் காற்று குளிரக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

8. கணக்கு

ஒரு மாதிரித் தொகுதியை எடுப்போம். வளிமண்டல அமுக்கம் 101.0 கிலோபாஸ்கல். பிறையுருத் திருத்தம் செய்த கனவளவுகள் இவை:

4 பாகை: 3.00 மில்லிலீற்றர்
50 பாகை: 3.95
60 பாகை: 4.45
70 பாகை: 5.35
75 பாகை: 6.05

முதலில் எல்லா வெப்பநிலைகளையும் கெல்வினுக்கு மாற்றுங்கள்: 277, 323, 333, 343, 348. இதைச் செய்யாமல் செல்சியஸைப் போட்டால் விடை மறை எண்ணாகக்கூட வரும்.

4 பாகையில் காற்றின் பங்கு 101.0 − 0.8 = 100.2. இனி அமுக்கம் × கனவளவு ÷ வெப்பநிலை: 100.2 × 3.00 ÷ 277 = 1.085. இந்த எண் காற்றுக்கு எப்போதும் மாறாது. மூல் எண்ணிக்கையைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. அகில வாயு மாறிலியைப் போட்டு, மில்லிலீற்றரைக் கன மீற்றராக மாற்றி, பூச்சியங்களில் தடுமாறுவதைவிட இது பாதுகாப்பானது.

50 பாகையில் காற்றின் பங்கு: 1.085 × 323 ÷ 3.95 = 88.7. ஆவியின் பங்கு: 101.0 − 88.7 = 12.3 கிலோபாஸ்கல். இதே வழியில் 60 இல் 19.8, 70 இல் 31.4, 75 இல் 38.6. அட்டவணையில் 12.3, 19.9, 31.2, 38.6.

இப்போது 0.2 திருத்தத்தை மறந்த ஒருவரின் கணக்கைப் பாருங்கள். குளிர்ந்த கனவளவு 3.20, 50 பாகையில் 4.15. மாறிலி 1.158 ஆகிறது. காற்றின் பங்கு 90.1, ஆவி 10.9. விடை ஒன்றரைக் கிலோபாஸ்கலுக்குக் கிட்டக் குறைந்துவிட்டது. குளிர்ந்த வாசிப்பில் அந்த 0.2 இன் வீதம் பெரிது, சூடான வாசிப்பில் சிறிது. அதனால் பிழை ஒன்றையொன்று வெட்டிவிடுவதில்லை.

சாடிக்குள் நீர்மட்டம் வெளிமட்டத்தைவிடக் கீழே இருப்பதால், உள்ளே அமுக்கம் வளிமண்டலத்தைவிடச் சற்றுக் கூடுதல். ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 0.1 கிலோபாஸ்கல். மேலே நான் அதைச் சேர்க்கவில்லை. முதல்முறை செய்பவர்கள் விட்டுவிடலாம். ஆழத்தையும் அளந்து வைத்திருந்தால் மொத்த அமுக்கத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

9. வரைபு

ஆவியமுக்கத்தை வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால் மேல்நோக்கி வளையும் கோடு வரும். 50 இலிருந்து 70 பாகைக்குக் கெல்வின் வெப்பநிலை 6 வீதம்தான் கூடியிருக்கிறது, ஆவியமுக்கமோ இரண்டரை மடங்கு. திரவத்தைவிட்டுத் தப்பப் போதுமான சக்தியுள்ள மூலக்கூறுகளின் பங்கு வெப்பநிலையோடு அவ்வளவு வேகமாகக் கூடுகிறது.

வளைகோட்டை நேர்கோடாக்க, ஆவியமுக்கத்தின் இயற்கை மடக்கையைக் கெல்வின் வெப்பநிலையின் தலைகீழ்ப் பெறுமானத்துக்கு எதிராக வரையுங்கள். இதுதான் கிளாசியஸ்–கிளப்பைரன் தொடர்பு. 12.3 இன் மடக்கை 2.510, 38.6 இன் மடக்கை 3.653. தலைகீழ்ப் பெறுமானங்கள் 0.0030960, 0.0028736. படித்திறனின் பருமன் 1.143 ÷ 0.0002224, அதாவது ஏறத்தாழ 5,140 கெல்வின். படித்திறன் மறை. அகில வாயு மாறிலியான 8.314 ஆல் பெருக்கினால் ஆவியாதல் வெப்பவுள்ளுறை, அதாவது ஒரு மூல் நீர் ஆவியாகத் தேவையான வெப்பம், மூலுக்கு 42.7 கிலோயூல்.

தலைகீழ்ப் பெறுமானங்களை முன்கூட்டியே சுருக்கி 0.0031, 0.0029 என்று எழுதினால் எல்லாம் போச்சு. வித்தியாசம் அந்தச் சின்ன இலக்கங்களில்தான் இருக்கிறது.

புத்தகத்தில் 40.7 என்று இருக்கிறதே என்று சிலர் தங்கள் விடையை வெட்டிவிடுவார்கள். வெட்டாதீர்கள். 40.7 என்பது 100 பாகைக்கான பெறுமானம். 25 பாகையில் அது 44.0. நாம் அளந்தது 50 க்கும் 75 க்கும் இடையில். 42 ஐ ஒட்டி வருவதுதான் சரி.

அந்தக் கோட்டை அளவுகோல் வைத்து நீட்டுங்கள். 101 இன் மடக்கையான 4.615 ஐத் தொடும் இடத்தில் வெப்பநிலையைப் பார்த்தால் ஏறத்தாழ 372 கெல்வின், 99 பாகை. நீரைக் கொதிக்க விடாமலே கொதிநிலையைக் கண்டுபிடித்துவிட்டோம். திரவத்தின் ஆவியமுக்கம் வெளி அமுக்கத்துக்குச் சமமாகும் வெப்பநிலைதான் கொதிநிலை என்ற வரியை மனப்பாடம் செய்ததைவிட, இந்த ஒரு கோடு நன்றாகப் புரிய வைக்கும்.

அதே கோட்டில் 81 கிலோபாஸ்கலுக்குரிய இடத்தையும் பாருங்கள். 93 பாகை வரும். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ அவ்வளவுதான். அங்கே நீர் கொதிப்பது 94 பாகையளவில். நம்முடைய வீட்டில் வேகும் நேரத்துக்குள் அங்கே பருப்பு வேகாததன் காரணம் இது. பிரஷர் குக்கரில் உள்ளே 200 கிலோபாஸ்கலளவுக்கு அமுக்கம் ஏறுவதால் நீர் 120 பாகை வரை கொதிக்காமல் சூடாகிறது.

இந்தச் சாடி முறையை எதனோலுக்குச் சுடரில் செய்யப் போகாதீர்கள். அது 78 பாகையிலேயே கொதிக்கும். அதன் ஆவி தீப்பற்றும்.

10. விடை கோணினால் எங்கே தேடுவது

எல்லா ஆவியமுக்கங்களும் கூடுதலாக வந்தால், காற்றின் அளவைச் சூடாக்கும் முன்பே கணித்தீர்களா என்று பாருங்கள். அப்படியானால் நீரிலிருந்து வெளிவந்த காற்று பிறகு சேர்ந்திருக்கும்.

எல்லாம் குறைவாக வந்தால் பெரும்பாலும் பிறையுருத் திருத்தம் விடுபட்டிருக்கும், அல்லது குளிர்ந்த வாசிப்பை அவசரமாக எடுத்திருப்பீர்கள். காற்று இன்னும் குளிராமல் விரிந்திருந்தால் மாறிலி பெரிதாகிவிடும்.

மேல் வெப்பநிலைகளில் மட்டும் புள்ளிகள் கோட்டை விட்டு விலகினால், சாடியின் மேல்முனை நீருக்கு வெளியே நின்றிருக்கும் அல்லது கலக்காமல் வாசித்திருப்பீர்கள்.

11. கணக்குகளில் முதல் கேள்வி: திரவம் மிஞ்சுமா?

30 பாகையில் 10 லீற்றர் வெறுமையான மூடிய பாத்திரத்தில் 1.00 கிராம் நீரை இடுகிறோம். அமுக்கம் என்ன? உடனே விடை எழுதாதீர்கள். அந்தப் பாத்திரம் அதிகபட்சம் எவ்வளவு ஆவியைத் தாங்கும் என்று முதலில் பாருங்கள்.

4.24 × 10 ÷ (8.314 × 303) மூல், அதை 18 ஆல் பெருக்கினால் 0.30 கிராம். நம்மிடம் 1.00 கிராம் இருக்கிறது. 0.70 கிராம் திரவமாக மிஞ்சும். அமுக்கம் 4.24 கிலோபாஸ்கல்.

பாத்திரம் 50 லீற்றராக இருந்தால்? அது 1.51 கிராம் ஆவியைத் தாங்கும். நம்மிடம் அவ்வளவு இல்லை. நீர் முழுவதும் ஆவியாகிவிடும். இனி 4.24 க்கு இங்கே வேலையில்லை. இலட்சிய வாயுச் சமன்பாட்டில் 1.00 கிராமைப் போட்டால் அமுக்கம் 2.80 கிலோபாஸ்கல்.

அந்த 50 லீற்றர் பாத்திரத்துக்கு ஆடுதண்டு பொருத்தி, வெப்பநிலையை மாற்றாமல் மெதுவாகச் சுருக்குங்கள். 33 லீற்றர் வரை அமுக்கம் ஏறும். அங்கே 4.24 ஐத் தொட்டதும் ஏற்றம் நின்றுவிடும். மேலும் சுருக்கினால் ஆவி ஒடுங்குமே தவிர அமுக்கம் கூடாது. வரைபில் இந்த இடத்தைக் கூர்மையான முறிவாகக் காட்ட வேண்டும். வளைத்து வரைந்தால் பிழை.

திறந்த வெளியில் சமநிலை வராது. ஆனால் எவ்வளவு வேகமாகக் காயும் என்பதை அதே எண் சொல்லும். 30 பாகையில் சார் ஈரப்பதன் 85 வீதம் என்றால் காற்றில் ஏற்கெனவே 3.6 கிலோபாஸ்கல் ஆவி இருக்கிறது, இடைவெளி 0.6 தான். மாரியில் உடுப்புக் காயாததற்கு அதுவே பெரிய காரணம். கச்சான் காற்றுக் காலத்தில் ஈரப்பதன் 55 ஆக இறங்கினால் இடைவெளி 1.9. கருவாடு காயப்போடுபவர்கள் கச்சானைக் காத்திருப்பது இந்த மூன்று மடங்குக்காகத்தான்.

12. நீரின் மேல் சேகரித்த வாயு

சாடிப் பரிசோதனையைச் செய்தவர்களுக்கு இந்தக் கணக்கு இலகு, ஏனென்றால் சாடிக்குள் நடந்தது அதேதான். மகனீசியத்தை ஐதான அமிலத்தில் இட்டு, ஐதரசனை நீரின் கீழ்முகப் பெயர்ச்சியால் 250 மில்லிலீற்றர் சேகரிக்கிறோம். வெப்பநிலை 30 பாகை, வளிமண்டல அமுக்கம் 101.0.

சாடிக்குள் ஐதரசன் மட்டும் இல்லை, நீராவியும் இருக்கிறது. ஐதரசனின் பகுதியமுக்கம் 101.0 − 4.24 = 96.8. மூல் எண்ணிக்கை 96.8 × 0.250 ÷ (8.314 × 303), அதாவது 0.00961. கழிக்காமல் செய்தால் 0.0100 வரும். நான்கு வீதப் பிழை. 20 பாகையில் ஆவியமுக்கம் 2.34 தான் என்பதால் அங்கே பிழை பாதியளவாக இருக்கும். நம்முடைய வெக்கையில் கழிக்காமல் விட முடியாது.

கழிப்பதற்கு முன் ஒரு விடயம். சாடியை மேலும் கீழும் அசைத்து, உள்ளே இருக்கும் நீர்மட்டமும் வெளி நீர்மட்டமும் ஒரே உயரத்துக்கு வந்த பிறகே கனவளவை வாசியுங்கள். அப்போதுதான் உள்ளே இருக்கும் மொத்த அமுக்கம் வளிமண்டல அமுக்கத்துக்குச் சமம். கட்டமைப்புக் கட்டுரை வினாவில் இதற்கான காரணத்தைக் கேட்டால் "திருத்தமாக வாசிப்பதற்கு" என்று எழுதிவிட்டு நகராதீர்கள். எந்த இரண்டு அமுக்கங்கள் சமமாகின்றன என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.